விரிசலின் குறுக்கே ஒரு நூல்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கப்பலின் வரைபடத் திரையைப் போய்ப் பார்ப்பேன். படுக்கப் போன இடத்தில் நாங்கள் இருக்கமாட்டோம். கப்பல் என்னவோ அசையாமல்தான் நின்றது. எஞ்சினை நிறுத்தி, வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பனிப்பாளத்தோடு அதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். போய்க்கொண்டிருந்தது பாளம்தான். மேலே காற்று ஒரு பக்கம் தள்ள, அடியில் கடல் இன்னொரு பக்கம் இழுக்க, அது எங்கள் எல்லோரையும் சுமந்துகொண்டு தன் பாட்டுக்கு நகர்ந்தது. ஏணி வழியாகக் கீழே இறங்கினால், நாங்கள் நட்டுவைத்த மூங்கில் கழிகளும் அவற்றின் உச்சியில் கட்டிய சிவப்புத் துணிகளும் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும். பனியில் என் காலடித் தடங்களும் அப்படியே இருக்கும். திரையில் மட்டும் எங்கள் புள்ளி தள்ளிப் போயிருக்கும்.

பாளம் நகர்வதோடு மெதுவாகச் சுற்றவும் செய்தது. அதனால் வடக்கு, தெற்கு என்று பேசிப் பயனில்லை. நேற்று முகத்துக்கு நேரே இருந்த வடக்கு இன்று தோள்பக்கம் வந்துவிடும். கப்பலுக்கு வலது, கப்பலுக்கு இடது என்றுதான் எல்லோரும் சொல்வோம். வசந்தம் தொடங்கியதும் சூரியன் மறைவதை விட்டுவிட்டது. அடிவானத்தை ஒட்டி, செக்கைச் சுற்றும் மாடு மாதிரி, எங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தூங்கி எழுந்தால் விடியலா பொழுதடைவா என்று ஒரு கணம் பிடிபடாது. அந்த ஒரு கணத்தை நான் விரும்ப ஆரம்பித்திருந்தேன்.

கோவில்பட்டியில் இருக்கும் என் மனைவிக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் செயற்கைக்கோள் போனில் பேச விடுவார்கள்.

"இப்ப எங்கன இருக்கீங்க?"

"போன வாரம் இருந்த அதே பனியிலதான்."

"அப்ப போன வாரம் இருந்த எடத்துலதான் இருக்கீங்க."

"இல்ல. அங்கன இருந்து ரொம்பத் தூரம் வந்தாச்சு."

"நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

என் வேலை கருவிகளைப் பார்த்துக்கொள்வது. விஞ்ஞானிகள் நட்டுவைத்த கருவிகள் உறைந்துபோகாமலும், கம்பிகள் அறுந்துபோகாமலும் கவனிக்கவேண்டும். அதோடு, கொடி நட்ட ஒரு வரிசையில் நடந்து போய், ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில் துளை போட்டுப் பனியின் தடிமனை அளக்கவேண்டும். அளவு நாடாவின் நுனியில் ஒரு பித்தளைத் துண்டு உண்டு. அதைத் துளைக்குள் இறக்கி, அடியில் குறுக்காகத் திரும்ப விட்டு, மெல்ல இழுத்தால் பாளத்தின் அடிவயிற்றில் போய் முட்டும். கையில் அந்த முட்டல் தெரியும்போது, எனக்குக் கீழே இருப்பது ஆள் உயரத்துக்கும் குறைவான ஒரு தட்டுத்தான், அதற்கும் கீழே இருப்பது கறுத்த கடல் என்பது புத்திக்கு எட்டாமல் விரலுக்கு மட்டும் எட்டும். மேல்பனி, உறைபனி, துளையில் நீர்மட்டம் என்று ஒரே ஒழுங்கில் எழுதிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போவேன். பின்னால் ஒருவர் துப்பாக்கியோடு கரடிக்குக் காவல் நிற்பார். ரவையில் நடப்பதுபோலக் காலடியில் நறநறவென்று சத்தம். வேறு சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை.

எங்கள் கப்பலில் இன்னொரு கரிசல்காட்டு ஆள் இருந்தார். கப்பல் ஏறிய முதல் வாரம், பெட்டிகளை இறக்கும்போது ஒன்று நழுவி ஒரு பெண்ணின் கால்மேல் விழப் பார்த்தது. "ஏலே, பாத்து இறக்குலே!" என்று மஞ்சள் தாடி வைத்த மாலுமியைப் பார்த்து அந்தப் பெண் சத்தம் போட்டார். மாலுமி ஒன்றும் புரியாமல் மன்னிப்புக் கேட்டார். நான் கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"எப்போதும்வென்றான். உங்களுக்கு?"

"கோவில்பட்டி."

"அது சரி. ஒரு பஸ்ஸு தூரத்துல இருந்துக்கிட்டு, இங்கன வந்துதான் பாக்கணும்னு இருக்கு பாருங்க அண்ணாச்சி."

அன்றிலிருந்து நான் அவருக்கு அண்ணாச்சி. அதுதான் என் பெயர் என்று நினைத்துக் கப்பலில் பாதிப் பேர் என்னை அப்படியே கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை.

என்னைவிட நாலைந்து வயது இளையவர். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். உளுந்தும் பருத்தியும் போடும் வானம்பார்த்த நிலத்திலிருந்து படித்து வந்து, பனியின் வெப்பத்தை ஆராய்கிறவராக ஆகியிருந்தார். அவர் கொண்டுவந்திருந்தது ஒரு நீண்ட கறுப்பு வடம். விரல் தடிமன் இருக்கும். அதில் ஒரு சாண் இடைவெளியில் சின்னச் சின்ன வெப்பமானிகள். இலையுதிர்காலத்தில், பாளத்தின் ஓரத்தில் கடல் உறைந்து கண்ணாடிபோல் மெல்லிசாகப் பனி கட்டத் தொடங்கிய அன்றே, அதில் ஒரு துளை போட்டு வடத்தைத் தொங்கவிட்டார். பனி வளர வளர வடத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு வெப்பமானியும் சொல்லும் எண் வானொலி வழியாகக் கப்பலின் ஆய்வறைத் திரைக்கு வந்து, மேலிருந்து கீழாக ஒரு வரிசையாக நிற்கும். உச்சியில் கடுங்குளிர், கீழே போகப் போகக் குளிர் தணிந்து, கடைசியில் கடலின் வெப்பம்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே பனி, பிறந்ததிலிருந்து கோடையில் உருகித் தீர்வது வரை, விடாமல். பாதியிலிருந்து பார்த்தவர்கள் உண்டு, பாதிவரை பார்த்தவர்களும் உண்டு. அவர் முழுவதையும் பார்க்க வந்திருந்தார். துணைக்குக் கொண்டுவந்த இரண்டாவது வடம் வழியிலேயே கெட்டுப்போனதால், இருந்தது அந்த ஒரு வடம்தான்.

பங்குனி வெயில் ஊரில் ஏறிக்கொண்டிருந்திருக்கும் நாள்களில், வடத்துக்கும் கப்பலுக்கும் நடுவே பனியில் ஒரு விரிசல் விழுந்தது. தலைமுடி அகலம். நான்தான் முதலில் பார்த்தேன். மேல்பனியில் யாரோ பென்சிலால் கோடு இழுத்ததுபோல் இருந்தது.

எங்கள் குழுத்தலைவி நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டவர். பல குளிர்காலங்களைப் பனியில் கழித்தவர். அவர் வந்து பார்த்தார். விரிசல் அகன்றால் வடம் இருக்கும் பக்கம் தனியாகப் பிரிந்து போய்விடலாம் என்றார். வேண்டுமானால் வெந்நீர் பாய்ச்சி வடத்தை உருக்கி எடுத்து, கப்பலுக்கு அந்தப் பக்கம் கெட்டியான பனியில் நட்டுக்கொள்ளலாம், முடிவு உங்களுடையது என்று வடத்துக்குச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"வேற பிள்ளையக் கொண்டாந்து மடியில வச்சு, இதான் அதுன்னு சொல்லச் சொல்லுதாங்க" என்றார் அவர் என்னிடம்.

"விரிசலு பெருசாகுதான்னு முதல்ல பாப்போம்மா."

"எப்பிடிப் பாக்க? தாள் ஒட்டவா?"

இருவரும் சிரித்துவிட்டோம். கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு விரிசல் புதிதல்ல. கோடையில் மண் காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும்போது, அதன்மேல் நிற்கும் சுவரும் வெடிக்கும். எங்கள் வீட்டில் விரிசலின் குறுக்கே தினசரி காலண்டரில் கிழித்த தாளை ஒட்டிவைப்போம். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பசை தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும். ஒட்டிய தேதி தாளிலேயே இருப்பதால் தனியாக எழுதவேண்டியதில்லை. தாள் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். ஐப்பசி மழை இறங்கியதும் மண் நனைந்து உப்பும், சுவரின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெருங்கும், நடுவில் அகப்பட்ட தாள் பூரி மாதிரி எழும்பி நிற்கும். "ஒங்க வீட்டுல தாளு உப்பிருச்சா?" என்று வாசலில் நின்று கேட்டுக்கொள்வார்கள். உப்பினால் சந்தோஷம். மழை மேலோடு போகாமல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனி விதைக்கலாம், வீடும் தப்பித்தது. அவர் வீட்டிலும் இதே வழக்கம்தான். இதை அவர் சொல்ல நானும், நான் சொல்ல அவரும், அந்த வெண்மைக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டோம். துப்பாக்கிக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

தாளுக்குப் பதிலாக நூல் கட்டினோம். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கழி, அந்தப் பக்கம் ஒரு கழி, நடுவில் ஆரஞ்சு நிற நைலான் நூல், விறைப்பாக.

அதன் பிறகு வந்த நாள்கள் என் நினைவில் ஒரே நாளாகத்தான் இருக்கின்றன. மணி என்ன என்பதைக் கடிகாரம் சொல்லும், நம்புவதற்கு வெளியே எந்த ஆதாரமும் இருக்காது. சாப்பிட்டுவிட்டு நூலைப் பார்க்கப் போவோம். நூல் விறைப்பாக இருக்கும், கழிகள் லேசாக வளைந்திருக்கும். விரிசல் இரண்டு விரல் அகலமாகி, அதில் தண்ணீர் தெரிந்து, மறுநாளே அந்தத் தண்ணீர் மேல் பனிப்பூக்கள் பூத்திருந்தன. காற்றிலிருந்து இறங்கிய ஈரம் இறகு இறகாக உறைந்து, அடியிலிருந்து உப்புநீரை உறிஞ்சிக்கொண்டு நிற்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தூத்துக்குடி உப்பளம்தான். அவர் நூலை ஒரு விரலால் தட்டிப் பார்ப்பார், அது வீணைத் தந்திபோல அதிரும், திரும்பி நடப்போம். எங்களுக்கு அடியில் பாளம் எங்களை எங்கேயோ கொண்டு போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒருநாள் தட்டியபோது நூல் அதிரவில்லை. நடுவில் தொய்ந்திருந்தது. பனிப்பூக்கள் நசுங்கியிருந்தன.

"அண்ணாச்சி! மூடுது!"

"மூடுதும்மா!"

அவர் கையுறையோடு கைதட்டினார். நான் குனிந்து நூல் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சுத்தான். வடத்தை எடுக்கவேண்டாம், இனிமேல் பயமில்லை, உருகும் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். அன்று எனக்குப் போன் முறை. மனைவியிடமும் சொன்னேன்.

"தொய்ஞ்சு போச்சுன்னா மூடுதுன்னுதான அர்த்தம்? அப்ப என்ன, நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். அவளும் கரிசல்காட்டுப் பெண்தான்.

சாப்பாட்டு மேசையில் தலைவியிடம், ஒரு நல்ல சேதி, விரிசல் மூடுகிறது என்றார் அவர். தலைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூடுகிறதா? எவ்வளவு வேகமாக?"

நான் அளவைச் சொன்னேன்.

"திறந்தால் நடுவில் தண்ணீர் வரும், அவ்வளவுதான்" என்றார் தலைவி. "மூடினால், மூடிய பிறகும் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தால், அந்தப் பனி எல்லாம் எங்கே போகும்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கே போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பாளங்கள் மோதி, உடைந்து, பாளத்தின்மேல் பாளம் ஏறி நிற்கும் பனிமேடுகளை அளப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். நான் அவற்றின் உயரத்தை எழுதியிருக்கிறேன். அவர் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

"அண்ணாச்சி," என்றார் மெதுவாக, "நாம வீட்டுச் சுவத்தப் பாத்துட்டு வந்துட்டோம்."

தலைவி திட்டவில்லை. வெந்நீர் காய்ச்சும் கொதிகலனைப் பற்ற வைத்தால் இன்றைக்கே வடத்தை எடுத்துவிடலாம், பனி அதுவரை பொறுக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், ஆனால் சத்தம் கேட்டால் உடனே திரும்பிவிட வேண்டும் என்றார்.

போனோம். நூல் இப்போது பனியில் கிடந்தது. விரிசல் இருந்த இடத்தில் உடைந்த விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கியிருந்தன, முழங்கால் உயரம்கூட இல்லை. எங்கிருந்தோ ஒரு முனகல் வந்தது. மழைக்குப் பிறகு நிலை இறுகிக் கதவு திறக்க மறுக்கும்போது, தோள்கொடுத்துத் தள்ளினால் ஒரு சத்தம் வருமே, அது. ஆனால் மிகப் பெரிய கதவு.

அதைத் தாண்டி வடத்தின் பக்கத்தில் போய் நின்றோம். பனியில் குட்டையான ஒரு கழி, அதில் வானொலிப் பெட்டி, கறுப்பு வடத்தின் ஒரு முழம். வெளியே தெரிவது அவ்வளவுதான்.

"எடுத்துருவோமா?" என்றேன்.

"எடுத்தா?"

"அந்தப் பக்கம் நடலாம். உருகுறதப் பாக்கலாம். நீங்க அதுக்குத்தான வந்தீங்க."

"எது உருகுறத? இது இங்கன நொறுங்கிக்கிட்டு இருக்கும், நான் அங்கன வேற ஒண்ணப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"விட்டா வடமும் போயிரும். அப்புறம் கோடை பூரா உங்களுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது."

"தெரியும்."

துப்பாக்கிக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். வடத்துக்குச் சொந்தக்காரர் அதைக் கவனிக்காமல் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையைப் பனியின்மேல் வைத்தார். அந்தக் குளிரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

"இது தண்ணியா இருக்கும்போதே நான் பக்கத்துல நின்னேன் அண்ணாச்சி. உருகித்தான் போகும்னு நெனச்சேன். இது இப்பிடிப் போகணும்னு இருக்கு. நான் நெனச்ச மாதிரி போகலங்கதுக்காகப் பாதியில எந்திரிச்சு வர முடியுமா?"

அது என் வடம் இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். பனி புரளும்போது வெடுக்கென்று இழுத்து அறுந்துவிடாதபடி வடத்தின் மேல்முனையைத் தளர்த்தி, பெட்டியை நாங்கள் இழுத்துவந்திருந்த காலி சறுக்குவண்டியில் வைத்துக் கட்டினேன். பனி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வண்டி கூடவே போகும். முடிச்சுகளை இரண்டாவது தடவை சரிபார்க்கும்போது சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை காலில் கேட்டது. திரும்பினோம்.

ஆய்வறையில் திரைக்கு முன் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே சூரியன் கப்பலின் பின்பக்கம் வந்து, எல்லாவற்றையும் வெளிறிய மஞ்சளாக ஆக்கியிருந்தது. தூரத்தில் பனி எழும்புவது ஜன்னல் வழியே தெரிந்தது. சத்தம் அவ்வளவு தூரம் வராததால், ஏதோ ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோலத்தான் இருந்தது. வீடளவு துண்டுகள் அவசரமே இல்லாமல் நிமிர்ந்து, ஒரு கணம் நின்று, சாய்ந்தன. உடைந்த பக்கங்கள் நீலமாக இருந்தன.

திரையில் எண்கள் மாறத் தொடங்கின. நடுவில் இருந்தவை முதலில் சூடேறின. "தண்ணி உள்ள ஏறுது" என்றார். பிறகு கீழ்ப்பாதி முழுவதும் ஒரே எண்ணைச் சொன்னது, கடலின் எண்ணை. பனி அங்கே இல்லாமல் போயிருந்தது. அப்புறம் கீழிருந்து ஒவ்வொன்றாக எண்ணுக்குப் பதில் வெறும் கோடு. அவர் ஒவ்வொரு கோட்டுக்கும் நேரத்தைச் சொன்னார், நான் எழுதினேன். குரலில் எந்த மாற்றமும் இல்லை. கையை மட்டும், பனியில் வைத்த அந்தக் கையை, கம்பளிச் சட்டைக்குள் விட்டு வைத்திருந்தார். சர்க்கரை கூடுதலாகப் போட்டுப் பால் விடாத தேநீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஆறும்வரை அது அப்படியே இருந்தது.

மேல்பாதி கோடாகவில்லை. திடீரென்று குளிர்ந்தது, எல்லாம் சேர்ந்து, காற்றின் குளிருக்கு. பிறகு அங்கேயே நின்றது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்கள் வந்துகொண்டே இருந்தன.

"இது என்ன அண்ணாச்சி?"

"வண்டி கூடவே போயிருக்கும் போலம்மா."

பனி அடங்கி, தலைவி அனுமதி கொடுக்கச் சில நாள் ஆனது. சமதளமாக இருந்த இடத்தில் ஒரு மதில் எழும்பியிருந்தது. வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பனித்துண்டு அதில் பாதி உயரத்தில் பக்கவாட்டில் செருகி நின்றது. சறுக்குவண்டி ஒரு கால் ஒடிந்து அதன்மேல் கிடந்தது. அறுந்த இடம்வரை கறுப்பு வடம் வெளியே தொங்கிக் காற்றில் லேசாக ஆடியது. மற்ற பாதி நாங்கள் பார்க்க முடியாத ஆழத்தில்.

அவர் நெடுநேரம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டு வந்த முழு வாழ்க்கை அவருக்குக் கிடைக்கவில்லை. சமதளப் பனி ஒன்று உருகித் தீர்வதை இந்த முறை அவர் எழுதப்போவதில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அடுத்த முறை என்று ஒன்று வாய்க்குமா என்பது தெரியாது.

"இவ்வளவு நாளும் ஒவ்வொரு வெப்பமானிக்கும் நேரா ஆழம்னு எழுதியிருக்கேன்" என்றார் கடைசியில். "இனிமே உயரம்னு எழுதணும். எவ்வளவு உயரம்னு தெரியாம எழுத முடியுமா? டேப்ப எடுங்க அண்ணாச்சி."

நான் நாடாவின் நுனியை நீர்மட்டத்தில் பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் காலால் தட்டிப் பார்த்துப் பார்த்து மேலே ஏறினார். முதல் வெப்பமானியின் உயரத்தைச் சத்தமாகச் சொன்னார். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லும்மா" என்றேன்.